கொம்பு எப்போது வரும்?

பகலில் அந்த அறை குழந்தைகள் காப்பகம். சுவர் முழுக்க வாத்து, ஆப்பிள், தொப்பி போட்ட கரடி. பெஞ்சுகள் முழங்கால் உயரம்கூட இருக்காது. மாலையில் அதே பெஞ்சுகளில், பேரப்பிள்ளை எடுத்தவர்களும் எடுக்கப் போகிறவர்களும் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து எழுத்துப் படிப்பார்கள். அவர்கள் வருவதற்குள் வாத்தையும் கரடியையும் பழைய போர்வை போட்டு மூடிவிடுவது சாயங்கால டீச்சரின் முதல் வேலை. காய்கறி விற்றே வீடு கட்டிய ஒரு மனிதரை வாத்துக்கு எதிரே உட்கார வைத்து 'அ' எழுதச் சொன்னால் அவர் மறுநாள் வரமாட்டார் என்பது டீச்சருக்கு யாரும் சொல்லித் தராத பாடம். ஆள் போன பிறகுதான் தெரிந்தது.

'சாயங்கால டீச்சர்' என்பது கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலைத்துப்போன பெயர். பகலில் அவர் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவர். பள்ளிக்கூட டீச்சராக வேண்டும் என்றுதான் படித்தார். அந்த வேலை வருகிறது வருகிறது என்று வராமலே இருந்த காலத்தில், "தற்காலிகமாக இதைப் பாருங்கள்" என்று பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தரும் வேலையைக் கொடுத்தார்கள். அந்தத் தற்காலிகத்துக்கு இப்போது தலை நரைத்துவிட்டது.

அந்த இடத்தின் பெயரில் ஒரு கூத்து நடந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

முதலில் அதற்கு 'முதியோர் கல்வி மையம்' என்று பெயர். படிக்க வந்தவர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டார்கள். "முதியோரா? யாரு? நாங்களா?" மேலிடமும் யோசித்து, 'வயது வந்தோர் கல்வி மையம்' என்று மாற்றிப் புதுப் பலகை அனுப்பிவைத்தது. பலகை மாட்டிய அன்று மாலை, அதுவரை அந்தப் பக்கமே தலைகாட்டாத சில வாலிபர்கள் நன்றாகத் தலை வாரிக்கொண்டு வந்து, "இங்க என்ன காட்டுவாங்க?" என்று டீச்சரிடம் விசாரித்தார்கள். படிக்க வந்த பெண்கள் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்துவிட்டதே என்று டீச்சர் அன்றைக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா?

மறுநாளே பழைய பலகை மேலே ஏறியது. மற்ற மையங்களிலும் இதே கதை. எல்லா டீச்சர்களும் சேர்ந்து, எங்களுக்கு முதியோரே போதும் என்று மேலிடத்துக்கு எழுதினார்கள். மேலிடம் தன் வாழ்நாளில் ஒரு தடவை டீச்சர்கள் சொன்னதைக் கேட்டது. ஆவணங்கள் எல்லாவற்றிலும் மறுபடி 'முதியோர்' என்றே எழுத ஆரம்பித்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் வரிசையக்கா வந்து சேர்ந்தார்.

ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைக்கிற வேலை அவருக்கு. அத்துடன், யாரும் கொடுக்காமல் அவரே எடுத்துக்கொண்ட இன்னொரு வேலையும் உண்டு. வெளிநோயாளிகள் கூட்டத்தில் துடைப்பத்தை நட்டு வைத்துக்கொண்டு நின்று, "வரிசை! வரிசை! யாரு அங்க நடுவுல பூந்தது? பின்னாடி போ!" என்று அதட்டுவார். டாக்டரே கொஞ்சம் ஒதுங்கித்தான் போவார். அதனால் வரிசையக்கா. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அக்கா. டீச்சரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

படிக்க வந்ததற்கு அவரிடம் ஒரே காரணம் இருந்தது. ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். துடைக்கிறவர்களிலிருந்தே எடுப்பார்கள், ஆனால் கட்டிலில் தொங்கும் அட்டையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தலைமை நர்ஸ் அட்டையைக் காட்டிப் படிக்கச் சொல்லிப் பார்ப்பார்.

"தரையைப் பாத்துக்கிட்டே இத்தனை வருஷம் ஓடிப்போச்சு டீச்சர்," என்று அக்கா முதல் நாளே சொன்னார். "கொஞ்ச நாளாவது மனுஷங்க மூஞ்சியைப் பாத்து வேலை செய்யணும்."

எழுத்துகள் அவருக்குச் சடசடவென்று ஏறின. கால் போட்ட ஆகாரம், சுழி போட்ட ஈகாரம், புள்ளி வைத்த மெய் எல்லாம் வரிசைக்கு வந்து நின்றன. சிக்கல் கொம்பில் வந்தது.

"டீச்சர், இது யாரு முன்னாடி நிக்கிறது?"

"அது ஒற்றைக் கொம்புக்கா. கொம்பும் 'க'வும் சேந்தா 'கெ'."

"இவரு முன்னாடி நிக்கிறாரு. அப்ப இவரைத்தானே முதல்ல கூப்பிடணும்?"

"இல்லக்கா. முதல்ல 'க'. கொம்புச் சத்தம் அதுக்குப் பின்னாடிதான் வரும்."

"பின்னாடி நிக்கிறவரை முதல்ல கூப்பிடறதா? ஆஸ்பத்திரியில அப்படிக் கூப்பிட்டுப் பாருங்க, என்னை உயிரோட விடமாட்டாங்க."

வங்கி வாசலில் காவல் இருக்கும் வாட்ச்மேன் பின்பெஞ்சிலிருந்து எடுத்துக் கொடுத்தார்: "'க'வுக்கு உள்ள ஆள் தெரியும் போலக்கா. சிபாரிசு!"

வகுப்பே சிரித்தது. அக்காவும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு மறுபடியும் 'எ-க' என்றே படித்தார். 'கொ'வைப் பார்த்ததும் விரலை எடுத்துவிட்டார். "முன்னாடி ஒரு ஆளு, பின்னாடி ஒரு ஆளு, நடுவுல 'க'. போலீசு புடிச்சிட்டுப் போற மாதிரியில்ல இருக்கு! இதை நான் என்னன்னு படிக்க?"

டீச்சர் இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்குக் கொம்பு சொல்லித் தந்திருக்கிறார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. விழுங்கச் சொன்னார், விழுங்கினார்கள். அக்கா விழுங்குகிற ஆள் இல்லை. மென்று பார்ப்பவர்.

டீச்சர் வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினார். வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். உலகத்தில் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு பஸ் உதாரணம் வைத்திருப்பவர்.

"இதுக்காடி இவ்வளவு யோசனை? டிரைவர் எங்க உக்காந்திருக்கான்?"

"முன்னாடி."

"முன்னாடி உக்காந்தா ஆச்சா? நான் விசில் கொடுத்தாத்தானே வண்டி நகரும்? 'க'தான் கண்டக்டர். கொம்பு டிரைவர். கண்டக்டர் சத்தம் முதல்ல, டிரைவர் வேலை அப்புறம். 'கொ'ன்னா முன்னாடி டிரைவர், பின்னாடி கிளீனர். ரெண்டு பேரும் விசிலுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காங்க. போய்ச் சொல்லு உங்க அக்காகிட்ட."

டீச்சர் கூச்சத்தோடுதான் சொன்னார். ஆனால் அக்காவுக்கு அது பிடித்துப்போனது. எழுத்துக்கு முன்னால் உதட்டைக் குவித்து 'ப்பீ' என்று ஒரு விசில், பிறகு, "க... கெ!" வாட்ச்மேன், "எறங்கறவங்க எறங்குங்க," என்பார். 'கெ' வந்தது, 'பெ' வந்தது, 'தே'கூட வந்தது. 'கொ'வில் மட்டும் சில நாள் வண்டி நின்றது, சில நாள் நகர்ந்தது. இன்னும் கொஞ்ச நாள் அப்படியே விசில் ஊதிக்கொண்டிருந்திருந்தால் இந்தக் கதையை நான் எழுத வேண்டியே இருந்திருக்காது.

பயிற்சி குறுக்கே வந்தது.

டீச்சருக்குப் பயிற்சி என்பது கிட்டாத ஒன்று. வருஷா வருஷம் தலைமையிடத்தில் நடக்கும். வார நாளில் நடக்கும். அங்கேயே தங்க வேண்டும். துணிக்கடை முதலாளியிடம் லீவு கேட்டால், "படிச்சு முடிச்சுத்தானேம்மா டீச்சர் ஆனீங்க? மறுபடியும் எதுக்குப் படிப்பு?" என்பார். ஒரு வருஷம் போனிலேயே பயிற்சி என்றார்கள். எல்லோருக்கும் வசதியாக மாலை நேரத்தில் என்றார்கள். மாலையில்தான் சாயங்கால டீச்சர்கள் எல்லோரும் வகுப்பில் இருப்பார்கள் என்பது அதை ஏற்பாடு செய்தவர்களுக்குத் தோன்றவில்லை. இப்படியே, பயிற்சி பெறாத டீச்சர் என்ற நினைப்பு அவர் மனதுக்குள் ஒரு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டது. எந்த மாணவர் தடுமாறினாலும், முறையாகக் கற்றவர்களுக்கு இதற்கு ஒரு வழி தெரிந்திருக்கும், நமக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

மையங்களின் ஒருங்கிணைப்பாளர் நடத்திய கூட்டம் ஒன்றில் எழுந்து நின்று கேட்டேவிட்டார். பயிற்சியைப் பக்கத்திலேயே வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். கால் முடியாத டீச்சர் ஒருவர் இருக்கிறார், படி ஏறாத இடமாகப் பாருங்கள். கைக்குழந்தைக்காரிகள் இருக்கிறார்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போடுங்கள். எங்களுக்கு எட்டுகிற மாதிரி வையுங்கள் சார்.

ஒருங்கிணைப்பாளர் கெட்டவர் இல்லை. சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டார். அதைவிட அதிசயம், செய்தும் காட்டினார். அறிவிப்பு வந்தது: முதியோர் கல்விப் பயிற்றுநர் மேம்பாட்டுப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே. படிக்கட்டு இல்லை, சாய்தளம் உண்டு. குழந்தைகளுக்குத் தனி அறை. கீழே பாடங்கள்: 'தடுமாறுவோருக்குக் கைகொடுக்கும் முறைகள்.' 'மறதி உள்ளவர்களிடம் பொறுமையாகப் பேசுதல்.' 'சிறு சிறு அசைவுகளாகப் பழக்குதல்.'

டீச்சர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். தடுமாறுவோருக்குக் கைகொடுக்கும் முறைகள்! அக்காவுக்காகவே யாரோ எழுதியது போல இருந்தது. 'சிறு சிறு அசைவுகளாக' என்பதும் சரிதான். சொல்லை அசை அசையாகத்தானே பிரித்துச் சொல்லித் தர வேண்டும்?

மறுநாள் வகுப்பில், அக்கா உதட்டைக் குவிக்கும்போது டீச்சர் கை காட்டி நிறுத்தினார்.

"விசில் வேண்டாம்க்கா. இனிமே கொம்பு பக்கம் போகவே வேண்டாம். நான் பயிற்சிக்குப் போறேன். இதுக்குன்னே சரியான முறை சொல்லித் தர்றாங்க. அதைக் கத்துக்கிட்டு வந்து உங்களுக்குச் சொல்றேன்."

"நல்லாத்தானே டீச்சர் போயிட்டிருக்கு?"

"பஸ்ஸைக் காட்டிப் பாடம் நடத்தறது ஒரு முறையாக்கா? தப்பாப் பழகிட்டா அப்புறம் திருத்தறது கஷ்டம். கொஞ்சம் பொறுங்க."

"நீங்க சொன்னாச் சரி," என்றார் அக்கா. "பரீட்சைக்கு முன்னாடி வந்துடும்ல, உங்க கொம்பு?"

"கண்டிப்பா வந்துடும்."

அன்றிலிருந்து ஞாயிறு வரும்வரை, கொம்பு இல்லாத சொற்களாகத் தேடித் தேடி எழுதிப் போட்டார் டீச்சர். தமிழில் அப்படித் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வாட்ச்மேனுக்குத்தான் வகுப்பு சப்பென்று போனது. "பஸ் ஸ்ட்ரைக்கா டீச்சர்?" என்று கேட்டார்.

பயிற்சிக்கூடம் சொன்னபடியே இருந்தது. சாய்தளத்தில் கால் முடியாத டீச்சர் தானாகவே ஏறி வந்தார். ஏறியதும் திரும்பிப் பார்த்து ஒரு தடவை கும்பிட்டார். குழந்தைகள் தனி அறையில் கத்திக்கொண்டிருந்தன. மின்விசிறி ஓடியது. நாற்காலிகள் பெரியவர்களுக்கான உயரத்தில் இருந்தன. அதில் உட்கார்ந்ததே டீச்சருக்குப் பாதிப் பயிற்சி பெற்ற மாதிரி இருந்தது.

பயிற்சி தர வந்தவர் ஒரு இளம் நர்ஸ். கூடவே ஆள் உயரத்தில் ஒரு பொம்மை வந்து மேஜைமேல் படுத்தது. "இவரை இடது பக்கமா எப்படித் திருப்பணும்னு முதல்ல பாப்போம்," என்று ஆரம்பித்தார் நர்ஸ். ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகில் புண் வரும் என்றார். தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை என்று காட்டினார்.

பிறருக்கு, "சந்தேகம் இருந்தா கேளுங்க," என்று சொல்லியே பிழைக்கிறவர்கள் சந்தேகம் கேட்கமாட்டார்கள். அத்தனை டீச்சர்களும் பொம்மையைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். கடைசியில், பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு வாத்தியார் டீச்சர் காதில் கிசுகிசுத்தார்.

"இது உருவகம்."

"என்னது?"

"பொம்மைதான் கற்போர். ஒரே பக்கமாக் கிடக்கிறாங்க இல்லையா? நாமதான் மெதுவாத் திருப்பிப் போடணும். ஆழமா யோசிச்சிருக்காங்க."

டீச்சரும் கொஞ்ச நேரம் ஆழமாக யோசித்துப் பார்த்தார். பொம்மைக்கு ஸ்பூனால் கஞ்சி புகட்டும் இடம் வந்தபோது அவரால் முடியவில்லை. கை தூக்கினார்.

"ஒரு சந்தேகம்மா. கொம்பு எப்போ வரும்?"

நர்ஸ் கையில் இருந்த தாளைப் பார்த்தார். "கம்பா? தடுமாறுறவங்களுக்குத்தானே? அது சாப்பாட்டுக்கு அப்புறம் வருதும்மா."

டீச்சருக்கு உயிர் வந்தது. பார்த்தீர்களா என்பது போல வாத்தியார் தலையாட்டினார். மத்தியானச் சாப்பாட்டை டீச்சர் சீக்கிரமாக முடித்துக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

சாப்பாட்டுக்கு அப்புறம் கொம்பு வந்தது. அடியில் ரப்பர் மாட்டிய ஊன்றுகோல்.

"தடுமாறுறவங்க கையில இதைக் கொடுத்ததும் உடனே நடக்கச் சொல்லக் கூடாது," என்றார் நர்ஸ். "சின்னச் சின்ன அசைவா..."

டீச்சர் எழுந்து நின்றார். "அம்மா, நாங்க எழுத்துச் சொல்லித் தர்றவங்க," என்றார்.

நர்ஸுக்கு முகம் வெளிறிவிட்டது. முதியோர் என்று சொன்னார்கள், முதியோருக்குத்தான் வந்தேன் என்று பதறினார். ஒருங்கிணைப்பாளர் ஓடி வந்தார். மேலிடம் வேலையை ஒரு நிறுவனத்திடம் விட்டிருக்கிறது. நிறுவனம் தன்னிடம் இருந்த முதியோர் பயிற்சியை அனுப்பியிருக்கிறது. 'கல்வி' என்ற சொல்லை வழியில் யாரும் கவனிக்கவில்லை.

"டீச்சர், நீங்க கேட்ட எல்லாத்தையும் செஞ்சிருக்கோமே!" ஒருங்கிணைப்பாளர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "ஞாயித்துக்கிழமை கேட்டீங்க. படி இல்லாம கேட்டீங்க. குழந்தைங்களுக்கு ஆள் கேட்டீங்க."

"ஆமா சார். பாடம் எங்க பாடமா இருக்கணும்னு கேக்க மறந்துட்டேன்."

"அடுத்த வருஷம் அதையும் சேத்துக்கலாம். இப்போ கொஞ்சம் ஒத்துழைச்சு முடிச்சிட்டீங்கன்னா எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்துடலாம்."

ஒத்துழைத்தார்கள். சான்றிதழ் இல்லாத டீச்சர்களை மேலிடம் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம் என்று எல்லோருக்கும் பயம். பொம்மையைத் திருப்பினார்கள், உட்கார வைத்தார்கள், ஊன்றுகோல் கொடுத்தார்கள். போகும்போது டீச்சர் நர்ஸைத் தனியாகப் பிடித்து, கொம்பு படிக்க முடியாதவர்களுக்கு ஏதாவது வழி தெரியுமா என்று கேட்டார். யாரிடமாவது கேட்டுவிட வேண்டும்போல இருந்தது.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? எப்படியோ படிச்சிட்டோம். எப்படின்னு யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்றார் நர்ஸ். பாவம், நல்ல பெண்.

அந்தப் பயிற்சி எல்லா மையங்களையும் சென்றடைந்தது என்றும், கலந்துகொண்டவர்கள் முழுத் திருப்தி தெரிவித்தார்கள் என்றும் பிறகு அறிக்கை வந்தது. பொய் இல்லை. சாய்தளத்தில் எல்லோருக்கும் முழுத் திருப்திதான்.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார் வரிசையக்கா.

"என்ன டீச்சர், புடிச்சிட்டு வந்துட்டீங்களா கொம்பை?"

டீச்சர் பொய் சொல்ல நினைக்கவில்லை. நடந்ததை அப்படியே சொன்னார். வாட்ச்மேன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அக்கா அவரைவிட அதிகமாகச் சிரித்தார். பொம்மைக்குக் கஞ்சி ஊட்டியதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப பரீட்சைக்கு என்ன டீச்சர் பண்றது?" என்றார்.

பரீட்சைக்கு அந்த வாரம்தான் இருந்தது.

"பழையபடி விசிலே அடிப்போம்க்கா. அது நல்லாத்தான் வந்துச்சு."

அக்கா பலகையைப் பார்த்தார். உதட்டைக் குவித்தார். சத்தம் வரவில்லை.

"அது தப்புன்னு சொன்னீங்களே டீச்சர்."

"தப்புன்னு இல்லக்கா. முறை இல்லைன்னு..."

"தப்பாப் பழகிட்டா திருத்தறது கஷ்டம்னு சொன்னீங்க. நான் வீட்டுல வாயை அடக்கி அடக்கி மறந்துட்டேன். இப்ப அதைப் பாத்தாலே, இது தப்புதான்னு தோணுது."

டீச்சர் தானே விசில் ஊதிக் காட்டினார். வாட்ச்மேனை ஊதச் சொன்னார். வீட்டுக்காரரின் உண்மையான விசிலையே ஒருநாள் வாங்கி வந்து ஊதினார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து சண்டை போட்டதுதான் மிச்சம். அக்கா மரியாதைக்காகக் கூடவே சொன்னார். டீச்சர் சத்தத்தை நிறுத்தினால் அவரும் நின்றார். ஒரு வண்டியை ஓடும்போது நிறுத்திவிட்டு மறுபடி கிளப்புவது எவ்வளவு கஷ்டம் என்று கண்டக்டர் வீட்டில் சொன்னார். டீச்சர் முகத்தைப் பார்த்த பிறகு கொஞ்ச நாள் அவர் பஸ் உதாரணம் சொல்லவில்லை.

பரீட்சையில் தலைமை நர்ஸ் காட்டிய அட்டையில் ஒரே வரிதான். 'சோறு கொடுக்கக் கூடாது.'

அக்கா விரலை வைத்தார். முதல் சொல்லில் இரட்டைக் கொம்பு. தாண்டினார். அடுத்ததில் ஒற்றைக் கொம்பு. அதையும் தாண்டினார். கடைசிச் சொல் கூடாது. அதில் கொம்பு இல்லை.

"என்னமோ கூடாதுங்கம்மா," என்றார்.

அவரால் ஊகித்துச் சொல்லியிருக்க முடியும். அந்தக் கட்டில்காரர் ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவர் என்பதும் அவருக்குத் தெரியும். காலையில் அந்தத் தரையைத் துடைத்ததே அவர்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் குத்துமதிப்பாகச் செய்த காரியங்களின் முடிவை இத்தனை வருஷம் துடைத்தவர், குத்துமதிப்பாகப் படிக்கமாட்டார்.

"அந்த என்னமோதான் ஒரு உயிரும்மா," என்றார் தலைமை நர்ஸ். திட்டவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அடுத்த ஆள் அட்டையைப் பார்த்தாரோ கட்டில்காரரைப் பார்த்தாரோ, "சோறு தரக் கூடாது," என்று ஒரே மூச்சில் சொல்லி வேலையை வாங்கிவிட்டார்.

இதையெல்லாம் அக்கா வந்து சொல்லவில்லை. அவர் வகுப்புக்கே வரவில்லை. வாட்ச்மேன்தான் விசாரித்து வந்து சொன்னார். அன்றைக்கு அவர் எந்தக் கிண்டலும் செய்யவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன் ஒரு வாரம் வராவிட்டால் காய்ச்சல் என்று அர்த்தம். பெரியவர்கள் ஒரு வாரம் வராவிட்டால் வெட்கம் என்று அர்த்தம். காய்ச்சல் இறங்கும்.

துணிக்கடையில் மத்தியானம் அனுமதி கேட்டுக்கொண்டு டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போனார். மேல்மாடி நடையில் அக்கா துடைத்துக்கொண்டிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் முந்தானையால் ஒரு பெஞ்சைத் துடைத்து, "உக்காருங்க டீச்சர்," என்றார். தான் உட்காரவில்லை.

"என்னக்கா, ஆளையே காணோம்?"

"வேலை டீச்சர். ஆள் பத்தல."

"அக்கா, கேளுங்க. தப்பு என்னோடது. நீங்க நல்லா வந்துக்கிட்டிருந்தீங்க. நான்தான் நடுவுல நிறுத்தினேன்."

"அட, நீங்க என்ன டீச்சர் பண்ணுவீங்க? படிச்சவங்க நீங்க. ஞாயித்துக்கிழமைகூட பயிற்சி அது இதுன்னு ஓடினீங்க. என் மண்டைதான் களிமண்ணு. சின்ன வயசுலயே எங்கப்பா சொல்லிட்டாரு, இதுக்குப் படிப்பு ஏறாதுன்னு."

"ஏறிச்சுக்கா! விசில் அடிச்சு 'கெ' படிச்சீங்க, 'பெ' படிச்சீங்க. நான் கேட்டேனே. வாட்ச்மேன் அண்ணனைக் கேளுங்க."

அக்கா சிரித்தார். குழந்தை சொல்வதைக் கேட்டுச் சிரிப்பது போன்ற சிரிப்பு.

"அது சும்மா விளையாட்டுக்கு டீச்சர். படிப்புன்னா அப்படியா இருக்கும்?"

அதைச் சொல்லிக் கொடுத்தவர் டீச்சரேதான். இல்லை என்று சொல்ல எழுந்தார். எந்தப் பக்கமிருந்து ஆரம்பித்தாலும் தான் சொன்ன சொல்லே குறுக்கே நின்றது. சுவரில் ஏதோ ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதைக் காட்டி, "இதைப் படிங்க பாப்போம்," என்றார், கெஞ்சுவது போல. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. துணியைப் பிழிந்தார்.

கீழே வெளிநோயாளிகள் பக்கம் சண்டை கிளம்பியது. யாரோ நடுவில் புகுந்துவிட்டார்கள். அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்து, "ஏய், நீலச் சட்டை! வரிசையில வா!" என்று ஒரு குரல் கொடுத்தார். கீழே சட்டென்று அடங்கியது. வாளியைத் தூக்கிக்கொண்டார்.

"நான் போய்ப் பாக்கறேன், இல்லைன்னா அடிச்சுக்குவாங்க. தரை ஈரம், பாத்து ஓரமாப் போங்க. வரேன் டீச்சர்."

நம் ஆட்கள் கிளம்பும்போது எல்லோரும் வரேன் என்றுதான் சொல்கிறார்கள். அதில் எது வருகிற வரேன், எது போகிற வரேன் என்று டீச்சருக்குக் காது பழகியிருந்தது.

"சாயங்காலம் பாக்கலாம்க்கா," என்றார்.

அக்கா படியில் இறங்கிக்கொண்டே தலையாட்டினார். டீச்சர் ஈரம் மிதிக்காமல், சுவரோரமாக நடந்து வெளியே வந்தார். கடைக்குத் திரும்பும் நேரம் தாண்டியிருந்தது.